ஐந்து லினக்ஸ் கணினிகளும் ஒரு சம்பவப் புத்தகமும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
03.03.2025

கொழும்பு ஆறில் உள்ள சங்குமுனை கேம்ஸ் நிறுவனத்தின் பணிப்பாளருக்கும், அவருக்கு மேலே யாராவது இருந்தால் அவருக்கும்,

நான் லெஸ்லி. இந்தப் பெயரைத் துறைமுகத்தில் சொன்னால் நங்கூரம் போட்ட கப்பலும் ஒருமுறை ஹோர்ன் அடிக்கும். பத்தொன்பது வருடம் துறைமுக வாசலின் பாதுகாப்பு முழுக்க என் கையில் இருந்தது. பத்திரம் சரியில்லை என்று ஒரு பனாமாக் கப்பலையே திருப்பி அனுப்பியவன் நான். கப்டன் அழுதார். நான் இரங்கவில்லை.

இப்போது ஓய்வு பெற்று, லெஸ்லி சர்வதேச கணினி விளையாட்டு நிலையத்தின் அதிபராக இருக்கிறேன்.

இணையத்தளத்தில் முறைப்பாட்டுப் பெட்டி இருக்கும்போது ஏன் பதிவுத் தபால் என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஐந்நூறு எழுத்துக்கு மேல் போகாது. என் பெயர், பதவி, முகவரி, வணக்கம் எல்லாம் எழுதி முடிய நானூற்றெண்பது ஆகிவிட்டது. மேலும் பெட்டியில் போட்டதை யார் எடுத்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. இதை நீங்கள் கையெழுத்து வைத்துத்தான் எடுத்திருப்பீர்கள். தப்ப ஏலாது.

விஷயம் இதுதான். நீங்கள் செய்த 'பேய்த்துறை' விளையாட்டு, ஆறு மீனவரும் ஆறு பேய்களும் ஒரு துறைமுகத்தில் மோதுவது, என் நிலையத்தில் காலை முதல் பொழுது படும்வரை ஓடுகிறது. ஜூலை முதலாம் திகதி வரும் மூன்றாம் பதிப்பு லினக்ஸில் திறக்காது என்று அறிவித்திருக்கிறீர்கள். என் நிலையம் முழுக்க லினக்ஸ்.

லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கணினியை ஓட்டுகிற மென்பொருள். சும்மா கிடைக்கும், கிழட்டு மெஷினிலும் ஓடும். போன வருடம் என் மெஷின்கள் எல்லாம் வைரஸ் பிடித்துப் பெரிய வெள்ளி அன்று செத்தன. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து விளையாடுகிற அம்ரா என்ற தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளை லினக்ஸ் போட்டாள். உயிர்த்த ஞாயிறு அன்று எல்லாம் எழும்பின. பூசையில் பாதிரியார் இதைச் சொல்லிக் காட்டினார்.

திரியாயிலிருந்து மூதூர்வரை மூவாயிரம் பேர் இப்போது லினக்ஸில்தான். என் நிலையத்தில் எத்தனை மெஷின் என்பதைப் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சொல்ல ஏலாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு விளையாட்டுக்காகத்தான் வருகிறார்கள். ஜூலை முதலாம் திகதி அது திறக்காவிட்டால், இரண்டாம் திகதி என் கதவும் திறக்காது.

லினக்ஸை உள்ளே விடவும்.

இப்படிக்கு,
லெஸ்லி
(நிலைய அதிபர்)

*

கொழும்பு 6
12.03.2025

மதிப்புக்குரிய லெஸ்லி ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதலாவது பதிவுத் தபால் இது. கையெழுத்து வைக்க அலுவலகம் முழுக்கப் பேனை தேட வேண்டியிருந்தது.

நான் லதுஷா. விளையாட்டின் நிரல் எழுதுவதும் ஆட்டக்காரர்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். பணிப்பாளர் நஸ்ரியோடு சேர்த்து நாங்கள் நாலே பேர். அவருக்கு மேலே யாரும் இல்லை, மேல்மாடியில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார்.

பேய்த்துறையை நாங்கள் லினக்ஸுக்கென்று செய்யவில்லை. லினக்ஸில் இடையில் நின்று மொழிபெயர்க்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் தயவில் எங்கள் விளையாட்டு தானாகவே ஓடியது. மூன்றாம் பதிப்பில் கள்ளாட்டம் பிடிக்கும் காவல் மென்பொருளைச் சேர்க்கிறோம். அதற்கு லினக்ஸ் மெஷின்களை அடையாளம் தெரியாது, வெளியே நிறுத்திவிடும். உள்ளே விடச் சொல்லி அனுமதி கொடுக்கலாம். ஆனால் கொடுத்த பிறகு ஏதும் உடைந்தால் சோதிக்க எங்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

மூவாயிரம் பேருக்கென்றால் யோசித்திருப்போம். போன மாதம் 11,340 கணினிகளில் பேய்த்துறை ஓடியது. அவற்றில் லினக்ஸ் ஒன்பது. அந்த ஒன்பதில் ஐந்து திருகோணமலையில். ஐந்தும் ஒரே முகவரியில். உங்கள் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் முகவரியில்.

மன்னிக்கவும், ஐயா.

அன்புடன்,
லதுஷா

*

திருகோணமலை
20.03.2025

அன்பு மகள் லதுஷாவுக்கு,

மகள் என்று எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். 'ஐயா' என்று எழுதிவிட்டு வயிற்றில் குத்துகிறீர்கள், நான் 'மகள்' என்று எழுதிவிட்டுப் பதில் சொல்கிறேன்.

ஐந்து என்று உங்கள் மெஷின் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது கதிரைகளை எண்ணுகிறது, இருக்கிறவர்களை எண்ணவில்லை. ஒரு கதிரைக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். ஆறாம் ஆளுக்குப் பின்னால் அவருடைய மச்சான் நிற்கிறார்.

உங்கள் காவல் மென்பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அனுபவமில்லாத காவற்காரன் போலத் தெரிகிறது. தெரியாத முகம் என்றால் திருப்பி அனுப்புவது முதல் கிழமைக்காரன் செய்கிற வேலை. நல்ல காவற்காரன் பெயரைக் கேட்டு, எழுதி, உள்ளே விட்டு, போகும்போது பையைப் பார்ப்பான்.

இத்துடன் 412 கையெழுத்து வைத்த மனு இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு மணித்தியாலத்தில் சேர்ந்தது. பூசை முடிந்து வந்தவர்கள், ஜும்ஆ முடிந்து வந்தவர்கள், எங்கள் நிலையத்தில் ஆடுகிற றிகாஸின் முச்சக்கரவண்டியில் ஏறினவர்கள் எல்லாரும் தள்ளுமுள்ளுப்பட்டுக் கையெழுத்து வைத்தார்கள். என் மனைவி ஞானமலர் மட்டும் குசினியில் நின்று, "கலியாணப் பதிவுக்கு ரெண்டு சாட்சி பிடிக்க ஏலாமல் என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போன மனுசன், இப்ப நானூறு பேரைப் பிடிச்சிட்டாராம்" என்று நக்கல் அடித்தா. அவவும் கையெழுத்து வைத்திருக்கிறா. பதினேழாவது.

தாள் தட்டுப்பாடு காரணமாக மனுவின் பின்பக்கங்களில் வேறு எழுத்து இருக்கும். அது நிலையத்தில் நடப்பதை எல்லாம் பதிகிற சம்பவப் புத்தகத்தின் பிரதி, அம்ரா கணினியில் அடித்து வைப்பது. அதைப் பார்க்கத் தேவையில்லை.

லினக்ஸை உள்ளே விடவும்.

லெஸ்லி
(அதிபர்)

*

கொழும்பு 6
02.04.2025

மதிப்புக்குரிய லெஸ்லி ஐயாவுக்கு,

பின்பக்கத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

நீங்கள் எழுதியதையே திருப்பி எழுதுகிறேன்:

"சம்பவம் 31. பெப்ரவரி 8, பி.ப. 5.12. முறைப்பாட்டாளர்: றிகாஸ், முச்சக்கரவண்டி ஓட்டுநர், வயது 26. கூற்று: விளையாட்டில் நான் ஐஸ் லொறியின் கூரையில் ஏறி நின்றேன். அந்த நேரம் பேய் விளக்கை எடுத்தது. எல்லாருடைய திரையும் கறுத்தது. சாட்சி: அம்ரா. மூன்று தடவை திரும்பச் செய்து பார்க்கப்பட்டது. மூன்று தடவையும் கறுத்தது. லொறிக்குக் கீழே நின்றால் கறுக்கவில்லை. சேதம்: முறைப்பாட்டாளர் கீபோட்டை ஒருமுறை குத்தினார். கண்டிக்கப்பட்டார்."

ஐயா, இந்தக் கறுப்புத் திரையை நாங்கள் அக்டோபரிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம். இது இருக்கும்வரை மூன்றாம் பதிப்பை வெளியிட ஏலாது. இதைப் பற்றி எங்களுக்கு இருநூறுக்கு மேல் முறைப்பாடு வந்திருக்கிறது. "கேம் கறுத்துப் போச்சு, நீங்களும் கறுத்துப் போவீங்க" என்பதுதான் அவற்றில் விளக்கமானது. லொறியைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ ஒருவரும் சொன்னதில்லை.

"சம்பவம் 9. துறைமுக நகரம் என்று காட்டிவிட்டு வீதியில் ஒரு மான்கூட விடவில்லை. இது பழுது அல்ல, தகவல்" என்பதையும் வாசித்தேன். நான் திருகோணமலைக்கு வந்ததில்லை. உங்கள் ஊர் வீதியில் மான் திரியுமா?

நேற்று அலுவலகத்தில் பதினொரு பேரைச் சேர்த்து, பல் வைத்தியரையும் இருத்தி, லொறியில் ஏறிப் பார்த்தோம். கறுக்கவில்லை. அதனால் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இது உண்மையில் நடந்ததா, அல்லது பனாமாக் கப்பலைப் போலவா?

உண்மையென்றால் மற்றப் பக்கங்களையும் தயவுசெய்து அனுப்புங்கள்.

லதுஷா

*

திருகோணமலை
09.04.2025

செல்வி லதுஷாவுக்கு,

மகள் என்று எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கப்பலைப் பற்றிச் சந்தேகப்படுங்கள். என் மனைவி முப்பது வருடமாகச் சந்தேகப்படுகிறா, நான் ஒன்றும் சொன்னதில்லை. மூவாயிரத்தைச் சந்தேகப்படுங்கள். பாதிரியாரைக்கூடச் சந்தேகப்படுங்கள். ஆனால் சம்பவப் புத்தகத்தை உண்மையா என்று கேட்டுவிட்டீர்கள். இருபது வருடத்தில் என்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

கடிதத்தை நிலையத்தில் சத்தமாக வாசித்தேன். றிகாஸ் கதிரையை விட்டு எழும்பி, "அப்ப நான் கீபோட்டுக்குக் குத்தினதும் பொய்யோ? கை வீங்கினதும் பொய்யோ?" என்றான். வீக்கம் இப்போது இல்லை, ஆனாலும் காட்டினான்.

மற்றப் பக்கங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அலுமாரியில், பூட்டுக்குள். லினக்ஸ் உள்ளே வந்தால் பக்கங்கள் வெளியே வரும். அதுவரை ஒரு தாளும் கிடைக்காது. இதற்கு மேல் கதை இல்லை.

மான் திரியும். இன்று காலை ஒன்று நிலையத்து வாசலில் நின்று இரண்டாம் மெஷினின் வயரை மோந்து பார்த்தது. இதுவும் பொய்யென்றால் வந்து பாருங்கள்.

லெஸ்லி

பி.கு: பதினொரு பேருடன் கறுக்காது. பன்னிரண்டு பேரும் இருக்க வேண்டும். அது சம்பவம் 33இல் இருக்கிறது. இதை எழுதச் சொன்னது அம்ரா. நான் கோபமாகத்தான் இருக்கிறேன்.

*

கொழும்பு 6
24.04.2025

லெஸ்லி அங்கிளுக்கு,

பன்னிரண்டாவது ஆளாகப் பல் வைத்தியரின் நோயாளி ஒருவரை, வாயில் பஞ்சோடு, கொண்டுவந்து இருத்தினோம். நான் லொறியில் ஏறினேன். பேய் விளக்கை எடுத்தது. கறுத்தது. விண்டோஸ் மெஷின்களில்தான், அங்கிள். பழுது லினக்ஸுடையது அல்ல, எங்களுடையது. நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். நோயாளி பயந்துபோய்ப் பல்லைப் பிடுங்காமலே போய்விட்டார்.

புத்தகத்தைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முழு மனதோடு.

இனி என் முறை. நானும் கோபமாக இருக்கிறேன்.

கறுத்த அன்றைக்கே உங்கள் மனுவையும் எடுத்துக்கொண்டு நஸ்ரியிடம் போனேன். 'அஞ்சு மெஷின் மட்டும் இல்லை, அதுகளுக்குப் பின்னால நானூறு பேர் நிக்கிறாங்க, லினக்ஸை விடுவம்' என்று வாதாடினேன். அவர் மனுவிலிருந்த தொலைபேசி இலக்கங்களில் மூன்றுக்கு, எனக்கு முன்னாலேயே, ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார்.

இறக்கக்கண்டியில் இருந்து ஒருவர்: "லினக்ஸோ? ஓம் ஓம், தெரியும். நல்ல பொடியன். பிழை ஒண்டும் செய்திருக்க மாட்டான், விட்டிடுங்கோ."

இரண்டாவது ஓர் அம்மா: "கையெழுத்து வைச்சு ஒரு மாசம் ஆகுது தம்பி, சந்தியில லைற் எப்ப போடுவியள்?"

மூன்றாமவர் றிகாஸின் வண்டியில் ஏறியவர்: "வைச்சாத்தான் இறங்க விடுவன் எண்டவர்."

207ஆவது கையெழுத்து உங்களுடையது. 208ஆவதும்.

நஸ்ரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அந்த மனுவை மேசையில் வைத்துக் கதைத்தவள் நான். இப்போது லினக்ஸ் என்ற சொல்லை எடுத்தாலே, "எப்பிடி, அந்தப் பொடியன விட்டுட்டாங்களா?" என்று கேட்கிறார். நீங்கள் 'ஐந்து மெஷின்' என்று எழுதியிருந்தால் நான் ஐந்துக்காகவே வாதாடியிருப்பேன். நானூறு என்று எழுதி அந்த ஐந்தையும் கெடுத்துவிட்டீர்கள்.

மே முப்பதாம் திகதி மூன்றாம் பதிப்பைப் பற்றிக் கடைசி முடிவெடுக்கிறோம். அதன் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. அதற்கு முன் எனக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, சம்பவப் புத்தகம், முழுதாக. இரண்டு, உங்களைப் பற்றியும் நிலையத்தைப் பற்றியும் ஒரு கடிதம். அதில் ஒரு பொய் இருந்தாலும் நான் அதை மேசையில் வைக்க மாட்டேன்.

லதுஷா

*

திருகோணமலை
19.05.2025

லதுஷா மகளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத மூன்று கிழமை எடுத்தது. பக்கத்தில் அம்ரா சிவப்புப் பேனையோடு இருக்கிறாள். ஒரு பொய்க்கு ஒரு கோடு. முதல் தாள் ரத்தம் வந்த மாதிரி இருந்தது. இது ஒன்பதாவது தாள்.

நான் துறைமுக வாசலின் பாதுகாப்பைப் பார்க்கவில்லை. ஒரு தனியார் காவல் கொம்பனியில் காவலாளியாக, இரண்டாம் வாசலில், தொப்பி போட்டு நின்றேன். கப்பலைத் திருப்பவில்லை. லொறியைத் திருப்பினேன். ஒரு தடவை. பத்திரம் அதன் முன்கண்ணாடியிலேயே ஒட்டியிருந்ததாம்.

ஏழாம் வகுப்புவரை படித்தேன். (எட்டு என்று எழுதினேன். "அங்கிள், எட்டுல எத்தனை நாள் இருந்தீங்க?" என்று கேட்டாள். நாலு நாள்.)

மெஷின்கள் உயிர்த்த ஞாயிறு அன்று எழும்பவில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. பாதிரியாருக்கு இந்த விஷயமே தெரியாது.

மெஷின் ஐந்து. மூடின ஒரு ரியூஷன் நிலையத்தில் வாங்கினது. புது விண்டோஸைப் போட்டுப் பார்த்தோம், ஐந்தும் மூச்சு வாங்கி நின்றுவிட்டன. ஒழுங்காக வந்து விளையாடுகிறவர்கள் இருபத்திமூன்று பேர். (இருபத்தைந்து என்றேன். நானும் ஞானமலரும் சேர்த்தி இல்லையாம்.) 'சர்வதேச' என்ற சொல்லைப் பெயர்ப்பலகைக்காரர் இடம் மிச்சம் இருக்கிறதென்று சொன்னதால் போட்டது.

எனக்கு அறுபத்தொரு வயது. நிலையம் மூடினால் மறுபடி எங்கேயாவது ஒரு வாசலில் தொப்பி போட வேண்டும். போடலாம், அது கேவலம் இல்லை. ஆனால் வாசலில் நிற்கிறவனை எல்லாரும் தாண்டித்தான் போவார்கள். இங்கே என்னைத் தேடி உள்ளே வருகிறார்கள்.

புத்தகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதை அம்ராவுக்கும் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம், வாசலில் கண்ணயர்ந்துவிட்டேன். அன்று உள்ளே செம்புக் கம்பி ஒரு சுருள் காணாமல் போனது. நித்திரை கொண்டேன் என்று சொல்லப் பயந்து, தம்பலகாமத்து லொறிக்காரர் ஒருவர் 2.10க்குப் பொருளோடு வெளியே போனதாக வாசலில் இருந்த சம்பவப் புத்தகத்தில் எழுதினேன். அவர் அன்று வந்ததும் போனதும் உண்மை. 'பொருளோடு' என்பதுதான் நானாகச் சேர்த்தது. மூன்று கிழமை அவருக்கு வேலை இல்லை. பிறகு கம்பி உள்ளேயே வேறொரு கொட்டிலில் கிடைத்தது. அவர் திரும்பி வந்த அன்று வாசலில் என்னைப் பார்த்து, "நீங்க கண்டதெண்டுதானே எழுதினீங்க, அண்ணை?" என்று கேட்டார். ஏசவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

அன்று முதல் வாயால் என்னவும் சொல்வேன். கடிதத்திலும் சொல்வேன் போலிருக்கிறது. புத்தகத்தில் கண்டதை மட்டும் எழுதுவேன். நேரம், ஆள், சாட்சி, திரும்பச் செய்து பார்த்தது. நிலையத்தில் கணினிகளை வைத்த முதல் நாளே புத்தகத்தையும் வைத்தேன். எனக்கு வேறு விதமாக ஒரு இடத்தை நடத்தத் தெரியாது.

இந்தப் பத்தியில் அம்ரா பேனையை மூடி வைத்துவிட்டாள்.

புத்தகம் இத்துடன் வருகிறது. பிரதி இல்லை, புத்தகமேதான். தொலைக்க வேண்டாம்.

முதல் கடிதத்தில் 'லினக்ஸை உள்ளே விடவும்' என்று உத்தரவு போட்ட மாதிரி எழுதியிருந்தேன். இப்போது கேட்கிறேன்.

லெஸ்லி

*

கொழும்பு 6
05.06.2025

அன்புள்ள லெஸ்லி அங்கிளுக்கு,

புத்தகம் தொலையவில்லை, இத்துடன் திரும்பி வருகிறது. நஸ்ரியிடமிருந்து பிடுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

முப்பதாம் திகதி கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. உங்கள் கடிதத்தை நான் வாசித்தேன். லொறிக்காரர் வரும் இடத்தில் நஸ்ரி எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு புத்தகத்தை எடுத்தார். "சம்பவம் ஒன்றிலயிருந்து பாப்பம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. நாங்கள் பார்சல் எடுத்தோம்.

மொத்தம் 118 சம்பவங்கள். எல்லாவற்றையும் எங்கள் விண்டோஸ் மெஷின்களில் செய்து பார்த்தோம். 87 அப்படியே நடந்தன. 19 மானைப் போன்ற தகவல்கள். எட்டு இன்னும் புரியவில்லை. லினக்ஸில் மட்டும் வருகிற பழுதுகள் எத்தனை தெரியுமா? நான்கு. அதில் இரண்டை நான் அங்கேயே இருந்து திருத்திவிட்டேன்.

லினக்ஸ் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதற்குக் காரணமே அது புதுப் பழுதுகளைக் கொண்டு வரும் என்பதுதான். நீங்கள் கொண்டு வந்தது எங்கள் பழுதுகளை.

கடைசியில் நஸ்ரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பதினோராயிரம் மெஷினிலயிருந்து எனக்கு ஏச்சு வருது. அஞ்சு மெஷின் மட்டும்தான் என்ன நடந்ததெண்டு சொல்லுது. அந்த அஞ்சையுமா நான் வெளியில விடப் போறன்?"

ஆகவே ஜூலை முதலாம் திகதி மூன்றாம் பதிப்பு லினக்ஸில் திறக்கும். உங்கள் ஐந்தும், எங்கோ இருக்கிற மற்ற நாலு பேரும் உள்ளே வரலாம். அவர்கள் யாரென்று தெரியாது. அவர்கள் எழுதவில்லை.

ஆனால் அங்கிள், பெரிதாக்கிச் சொல்லிவிட வேண்டாம். இது ஒரு வருடத்துக்கான முடிவு. காவல் மென்பொருளைச் செய்கிற கொம்பனி எப்போதாவது கதவைப் பூட்டினால் எங்களால் தடுக்க ஏலாது, தெரிந்த அன்றே உங்களுக்குச் சொல்வோம். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியிட முன் ஒரு லினக்ஸ் மெஷினில் நான் சோதிப்பேன். அதற்கென்று உங்களுடையதைவிடக் கிழட்டு மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம். மாதா மாதம் சம்பவப் புத்தகத்தின் பிரதி எங்களுக்கு வர வேண்டும்.

மனு வேண்டாம் என்று நஸ்ரி பிரத்தியேகமாகச் சொல்லச் சொன்னார்.

அம்ராவுக்கும் றிகாஸின் கைக்கும் என் அன்பு.

லதுஷா

*

திருகோணமலை
03.07.2025

அன்பு மகள் லதுஷாவுக்கு,

முதலாம் திகதி காலை நாலாயிரம் பேர் உட்துறைமுக வீதியை அடைத்துவிட்டார்கள். பொலிஸ் வந்து போக்குவரத்தைத் திருப்பியது. கடற்படை பாண்ட் வாசித்தது. (இது கடிதம், புத்தகம் அல்ல. புத்தகத்தில் அம்ரா 'முப்பத்தொரு பேர், ஒரு மான்' என்று எழுதியிருக்கிறாள். அதுவும் சரிதான்.)

பத்து மணிக்குப் பதிப்பு இறங்கி முடிந்தது. ஐந்து மெஷினையும் ஒரே நேரம் திறந்தோம். உங்கள் காவல் மென்பொருள் வந்து திரையில் நின்றது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஞானமலர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தச் சனியன் எவ்வளவு நேரம் சுத்தும்?" என்று கேட்டா. வட்டம் நின்றது. துறைமுகம் வந்தது. முதலாம் மெஷின், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம். நாலாவது கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. அது எப்போதும் அப்படித்தான், அது பழுது இல்லை.

நான் வெளியே போய்ப் பெயர்ப்பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். கண்ணையும் சேர்த்து.

இனி ஒரு இரகசியம். இதை நஸ்ரி தம்பிக்குச் சொல்ல வேண்டாம்.

நான் பேய்த்துறையை அன்றுவரை ஒரு தடவையும் ஆடினதில்லை. எழுதுகிறவன் ஆடக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் அன்று எல்லாரும் பிடித்து இழுத்து, "அதிபர் திறந்து வைக்கோணும்" என்று மூன்றாம் மெஷினில் இருத்திவிட்டார்கள். நானும் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் நின்றவன்தானே, இந்தப் பேய்களுக்கு ஒரு பாடம் படிப்பிப்போம் என்று மீனவனாக இறங்கினேன்.

முதல் நாற்பது விநாடியில் செத்தேன். பேய் ஒன்றும் செய்யவில்லை. நான் துறைமுக மேடையில் நடந்துபோய்க் கடலில் விழுந்தேன். இரண்டாம் தடவை முப்பது விநாடி, அதே கடல். மூன்றாம் தடவை கடல் பக்கமே போகாமல் நின்றேன். ஐஸ் லொறி பின்னுக்கு வந்து அடித்தது. ஓட்டினது றிகாஸ்.

இது தெளிவான பழுது, மகள். அந்த மேடையின் விளிம்பு மனிதன் நடக்கிற இடத்துக்கு மிகக் கிட்ட இருக்கிறது. மீனவனின் கால் நான் சொல்கிற பக்கத்துக்குப் போவதில்லை. இதைச் சம்பவம் 119 ஆகப் பதியச் சொல்லி, நேரம், ஆள், மூன்று தடவை திரும்பச் செய்து பார்த்தது எல்லாவற்றையும் அம்ராவிடம் ஒழுங்காகச் சொன்னேன். அவள் பேனையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள்.

"அங்கிள், இது பழுது இல்ல. இது நீங்க."

முப்பத்தொரு பேரும் சாட்சி சொல்லத் தயாராக நின்றார்கள்.

ஆகவே புத்தகத்தில் ஏற்ற ஏலாமல் போனதை இந்தத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். எனக்காக, பெரிதாக ஒன்றும் வேண்டாம், அந்த மேடையை மட்டும் ஒரு அடி அகலமாக்கிவிடவும்.

லெஸ்லி
(அதிபர்)